பிற்காலச் சேர்க்கை

டிரைவர் வீட்டுப் பின்னறை வாசல் ஒரு செங்கல் அகலம் குறைச்சலாக இருந்தது. கதை மொத்தமும் அவ்வளவுதான். மிச்சமெல்லாம் படித்தவர்கள் ஒன்றுகூடிப் பண்ணிய வேலை.

டிரைவர் என்றால் டவுன் பஸ் டிரைவர். ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது அவருக்கு ஓட்டுவதற்கு ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. ஆனாலும் தெருவுக்கு அவர் டிரைவர்தான். விசில் ஊதினால் கிளம்புவது, மறுபடி ஊதினால் நிற்பது என்று காலம் பூராவும் பழகிய மனிதர். யாராவது அதட்டிச் சொன்னால் முதலில் பிரேக்கை அழுத்துவார், ஏன் நிறுத்தினோம் என்று அப்புறம்தான் யோசிப்பார். நல்ல குணம்தான், பஸ்ஸுக்குள் இருக்கிறவரைக்கும்.

வீடு அவருடைய கொள்ளுத்தாத்தா கட்டியது. முன்னால் ஒரு கூடம், பக்கத்தில் சமையலறை, பின்னால் ஓர் அறை, அந்த அறையை ஒட்டிக் கக்கூஸ். சுவருக்குக் காரை பூச அவரிடம் வசதியில்லை. மகன் பூசுவான் என்று விட்டார். மகன் பேரன் பூசுவான் என்று விட்டார். இப்படி ஒருத்தர் தலையில் ஒருத்தர் கட்டி, செங்கல் எல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டே நின்றுவிட்டன. பின்னாளில் காப்புக் குழுக்காரர்கள் இதற்கு "ஒப்பனை மறுப்பு" என்று பெயர் வைத்தார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

டிரைவர் சம்சாரம் துணி துவைக்கும் இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் ஆயிற்று. இனி நடப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு வீல் சேர் வாங்கினார்கள். அது தெருவாசலில் ராஜா மாதிரி நுழைந்து, கூடத்தை ஒரு வட்டம் அடித்து, பின்னறை வாசலில் டக்கென்று இடித்து நின்றது. அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நாற்காலி. கூடத்திலேயே கட்டிலைப் போடலாமே என்பீர்கள். கக்கூஸ் அந்தப் பக்கம் இருக்கிறதே ஐயா. எப்படிப் பார்த்தாலும் அந்த வாசலைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

இரண்டு தடவை தூக்கிக்கொண்டு வந்து உட்காரவைத்தார்கள். வலியில் அவள் போட்ட சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. மூன்றாம் தடவை கிட்டே போனதும் கையைத் தட்டிவிட்டாள்.

"என்னைத் தூக்காதீங்க. நான் என்ன பீரோவா? வாசலைப் பெருசு பண்ணுங்க. நானே உருட்டிக்கிட்டு வரேன். தெருவைப் பாத்து எவ்வளவு நாளாச்சு!"

பின்னறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. அதில் அடுத்த வீட்டுச் சுவர் மட்டும் தெரியும். தெருவாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரிடமெல்லாம் வம்பளந்த பொம்பளைக்கு அது போதுமா? அவள் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. டிரைவருக்கு அதுதான் பயமாக இருந்தது. சத்தம் போட்டாலாவது பரவாயில்லை என்று நினைத்தார்.

அவள் தம்பி கொத்தனார். வந்து பார்த்தான், சாண் போட்டான், சிரித்தான்.

"ஒரு கல்லு மாமா. ஒரு வரிசை எடுத்துட்டா போதும். அரை நாள் வேலை. இதுக்கா அக்காவை அடைச்சு வச்சிருக்கீங்க?"

மறுநாளே சுத்தியலும் உளியுமாக வந்துவிட்டான். ஒரு மூட்டை மணலைத் தெருவாசலில் இறக்கினான். முதல் அடி அடித்தான். அடித்தானோ இல்லையோ, அந்த வழியாகப் போன ஒரு ஜீப் வாசல் மணலைப் பார்த்து நின்றது. அதிலிருந்து ஓர் அதிகாரி, கொலையைக் கண்ணால் பார்த்தவர் மாதிரி குதித்து ஓடி வந்தார்.

"நிறுத்து! சுத்தியலைக் கீழ போடு!"

கொத்தனார் திரும்பிப் பார்ப்பதற்குள் டிரைவரே அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். பழக்கதோஷம்.

வீடு மரபுப் பட்டியலில் இருக்கிறதாம். எப்போதிருந்து என்று கேட்டதற்கு, "இருக்குங்க. உங்களுக்குச் சொல்லணும்னு விதி இல்லை" என்றார் அதிகாரி. சாயங்காலமே ஆட்கள் வந்து முன்சுவரில் ஒரு பித்தளைப் பலகையை மாட்டினார்கள். 'இச்சுவரில் ஆணி அடிக்கவோ துளையிடவோ கூடாது' என்று அதில் பொறித்திருந்தது. மூலைக்கு ஒன்றாகத் துளைபோட்டுத்தான் மாட்டினார்கள். கொத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். டிரைவர் சிரிக்கவில்லை. அரசாங்கத்துப் பலகை, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மரபுக் காப்புக் குழு வந்தது. முன்னால் தலைவர், அவருக்குப் பின்னால் செங்கல் நிபுணர் என்று ஓர் அம்மாள், அவளுக்குப் பின்னால் ஜால்ராக்கள். நிபுணரம்மாள் கையில் குழந்தைக்குப் பவுடர் போடுகிற மாதிரி ஒரு மெல்லிய பிரஷ். அதால் ஒவ்வொரு கல்லையும் தடவினாள், விரலால் தட்டினாள், காதை வைத்துக் கேட்டாள். கொத்தனார் முதல் அடி அடித்த கல்லருகே போனதும் அதை உள்ளங்கையால் மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.

"இந்தக் கல்லு ரொம்ப பயந்து போயிருக்கு" என்றாள்.

ஜால்ராக்கள் கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றார்கள். அறைக்குள்ளிருந்து டிரைவர் சம்சாரம் குரல் கொடுத்தாள்.

"யாருங்க அது?"

"செங்கலைப் பாக்க வந்திருக்காங்க."

"என்னைப் பாக்க யாராச்சும் வந்திருக்காங்களா?"

தலைவர் டிரைவரின் தோளில் கையைப் போட்டுக் கூடத்தின் நடுவுக்கு அழைத்துக்கொண்டு வந்து பேச ஆரம்பித்தார். நல்ல குரல். மைக் இல்லாத இடத்திலும் மைக் இருப்பதுபோலவே பேசுவார்.

"ஒரு கல்லுதானேன்னு நினைக்கிறீங்க. எனக்கு அந்த வலி தெரியும் ஐயா. இதைவிடப் பழைய வீடு எங்க அப்பாவோடது. அதை இடிச்சுத்தான் நாலு மாடி கட்டினேன். இடிக்கிறப்ப நெஞ்சு எப்படிப் பதறிச்சு தெரியுமா? அன்னிக்கே சபதம் எடுத்தேன். இனிமே மத்தவன் எவனும் அவன் வீட்ல கை வைக்க விடமாட்டேன்னு!"

கைதட்டினார்கள். டிரைவரும் தட்டினார். ஏன் தட்டினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

டிரைவர் மனு கொடுத்தார். மனு கிணற்றில் போட்ட கல் மாதிரி கிடந்தது. அப்புறம் ஒருநாள் குழு அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடியும் இரும்புமாக எழுப்பிய புத்தம்புதுக் கட்டடம். அங்கே மருந்துக்கும் ஒரு செங்கல் கிடையாது. வாசல் அகலமோ, ரெண்டு பஸ் பக்கத்தில் பக்கத்தில் போகலாம். டிரைவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிபுணரம்மாள் தன் முடிவை வாசித்தாள். அந்த வீட்டின் மதிப்பே அந்த வாசலின் குறுகலில்தான் இருக்கிறதாம். கூடத்திலிருந்து அறைக்குள் நுழைகிறவன் உடம்பைச் சற்றே ஒடுக்கிக்கொள்கிறான் அல்லவா, அந்த ஒடுக்கம்தான் அக்கால மனிதனின் பணிவாம். வாசலை அகலப்படுத்தினால் பணிவு போய்விடும்.

"கொள்ளுத்தாத்தா ரொம்ப ஒல்லிங்க" என்றார் டிரைவர். "அவர் அளவுக்கு வச்சுட்டார் போல."

நிபுணரம்மாள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

"சுவருக்கு மரபு மதிப்பு இருக்கு" என்றார் தலைவர். "நாற்காலிக்கு இல்லை. அதனால நாற்காலியைக் குறைங்க. மனிதாபிமானத்தோட நாங்களே குறைச்சுத் தரோம்."

நாற்காலி போயிற்று. ஒரு செங்கல் அகலம் குறைந்து திரும்பி வந்தது. குழு முழுக்கக் கூடத்தில் நின்று பார்க்க, ஒரு ஜால்ரா அதைத் தள்ளினார். ஆஹா, வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று! வாசலில் இந்தப் பக்கமும் படவில்லை, அந்தப் பக்கமும் படவில்லை. போட்டோ எடுத்தார்கள். நாற்காலிக்குள் ஒரு பூனை உட்காரலாம். குண்டுப் பூனையாக இருந்தால் அதுவும் கஷ்டம்.

"இவ எப்படிங்க உக்காருவா?" என்று கேட்டார் டிரைவர்.

"அது எங்க துறையில வராதுங்க" என்றார் தலைவர்.

கட்டிலில் கிடந்தவள் நாற்காலியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. டிரைவர் கட்டிலோரம் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டார். அழுகை வரும் என்று பார்த்தார், வரவில்லை. மரத்துப்போன காலைப் பிடிக்கிறோமா, கைதான் மரத்துப்போயிற்றா என்றுகூட விளங்கவில்லை.

விடாமல் மறுபடி மனு போட்டார். இந்தத் தடவை தலைவருக்கே யோசனையாகிவிட்டது. சுவரைக் குறைக்கக் கூடாது. நாற்காலியைக் குறைத்தாயிற்று. பாக்கி இருப்பது ஆள். அப்படியானால் ஆளுக்கு மரபு மதிப்பு இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிட வேண்டியதுதானே? ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை ஐயா. குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

நிபுணரம்மாள் பிரஷ்ஷோடு மறுபடி வந்தாள். முதலில் டிரைவரை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தாள்.

"எங்க பொறந்தீங்க?"

"இந்த ரூம்லதாங்க."

அவள் கண் விரிந்தது. அவர் நெற்றியைப் பிரஷ்ஷால் இரண்டு தடவை தடவினாள்.

"அசல்" என்றாள்.

பிறகு கட்டில் பக்கம் போனாள்.

"நீங்க?"

"கல்யாணம் பண்ணி வந்தேன். என்ன கேள்வி இது?"

"அப்போ வீடு கட்டும்போது நீங்க இல்லை."

"எங்க வீட்டுக்காரர் மட்டும் கல்லு சுமந்தாரா? அவரும்தான் இல்லை."

"அவர் தொடர்ச்சிம்மா. நீங்க சேர்க்கை."

அறையில் இருந்த பிற்காலச் சேர்க்கைகளை உரக்கச் சொல்லிக்கொண்டே போனாள்: டியூப் லைட்டு, பிளாஸ்டிக் வாளி, ஜன்னலுக்குக் கீழே பூசிய சிமெண்டு, இந்த அம்மா. கொத்தனார் குபீரென்று சிரித்தான். அப்புறம் அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"பிள்ளை பெத்தேன் இந்தக் கட்டில்ல" என்றாள் அவள், யாரையும் பார்க்காமல். "அதுவும் சேர்க்கைதானா?"

"பிள்ளை இப்ப வீட்ல இருக்காங்களா?"

"பொண்ணு. கல்யாணமாகி வெளியூர் போயிட்டா."

"அப்ப பிரச்சினை இல்லை" என்றாள் நிபுணரம்மாள்.

உத்தரவு வந்தது. வீட்டை அசல் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்காகப் பிற்காலச் சேர்க்கைகளை அகற்ற வேண்டும். அகற்றும்போது சேர்க்கைக்குச் சேதம் வந்துவிடக் கூடாது என்பதால், அசல் சுவரைத் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். சேர்க்கை வெளியே போனதும் அதே கற்களை அதே இடத்தில் வைத்து மூடிவிட வேண்டும்.

டிரைவர் திரும்பத் திரும்பப் படித்தார். வாசல் திறக்கும் என்பது மட்டும் முதலில் புரிந்தது. ஓடிப்போய் அவளிடம் சொன்னார். அவள் நிதானமாகக் கேட்டாள்.

"போயிட்டுத் திரும்பி எப்படி வரது?"

டிரைவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தலைவரிடம் ஓடினார். தலைவர் தங்கமான மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். வெளியே போன சேர்க்கையைத் திரும்ப உள்ளே அனுமதிக்கத் தனியாக மனு போடலாமாம். அசல் குடியிருப்பாளர் போட்டால்தான் செல்லுமாம். அசல் குடியிருப்பாளர் வீட்டை விட்டுப் போய்விட்டாலோ, அது ஆளற்ற வீடாகிவிடும், குழுவே எடுத்துப் பூட்டிக்கொள்ளுமாம்.

"நீங்க இருந்தாத்தான் அவங்க வர முடியும். அசல் நகரவே கூடாது. புரியுதா?"

புரிந்தது என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

"மாமா, பைத்தியமா உங்களுக்கு?" என்று கொத்தனார் கத்தினான். "எங்க வீட்ல ஒரு ரூம் சும்மாதான கிடக்கு. ரெண்டு பேரும் வந்து இருங்க. இந்த வீட்டை அவனுங்களே கட்டிக்கிட்டு அழட்டும்."

"அப்புறம் வீடு போயிடும்டா. நீ முதல்ல அக்காவைக் கூட்டிட்டுப் போ. கொஞ்ச நாள்தான். நான் இருந்து மனு போட்டு உள்ள கொண்டு வந்துடறேன்."

அவளை வெளியே கொண்டுவர இத்தனை நாள் நாயாக அலைந்த மனிதர், அவள் வெளியே போகும் முன்னாலேயே உள்ளே கொண்டுவர அலையத் தயாராகிவிட்டார். அவள் தலையணைக்கடியில் வைத்திருந்த சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டாள்.

குழுவின் ஆட்கள் பஞ்சு, பட்டுத்துணி, கையுறை சகிதம் வந்தார்கள். ஒவ்வொரு கல்லாகக் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல் எடுத்து, எண் ஒட்டி, மெத்தையில் வரிசையாகப் படுக்கவைத்தார்கள். கொத்தனார் அரை நாளில் முடித்திருப்பான். இவர்களுக்கும் அரை நாள்தான் ஆயிற்று. அதுதான் அவன் வயிற்றெரிச்சல். அவனே எங்கிருந்தோ சரியான அளவில் ஒரு வீல் சேரைக் கொண்டுவந்தான். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டிலிலிருந்து தானாகவே நகர்ந்து ஏறினாள். சக்கரத்தைத் தானே உருட்டினாள். வாசலைத் தாண்டினாள், கூடத்தைத் தாண்டினாள், தெருவுக்கு வந்துவிட்டாள்.

வெயில் அடித்தது. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். எதிர்வீட்டுக்காரி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, சுவரெல்லாம் வெள்ளையடிச்சுட்ட, ஒரு வார்த்தை சொல்லலையே?" என்றாள் டிரைவர் சம்சாரம்.

பழைய குரல். டிரைவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பக்கத்தில் நின்று நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். இப்படியே தெருமுனைவரை ஒரு நடை தள்ளிக்கொண்டு போனால் என்ன என்று ஆசை வந்தது. வெகுநாளைக்கப்புறம் வந்த ஆசை.

உள்ளே கல்லை வைத்து மூடும் சத்தம் கேட்டது. தலைவர் வாசலுக்கு வந்தார்.

"ஐயா, நீங்க உள்ள."

டிரைவர் உள்ளே போனார்.

அப்புறம் வீட்டைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டார்கள். டியூப் லைட்டு போயிற்று, வாளி போயிற்று. கொள்ளுத்தாத்தா காலத்தில் மூக்குக்கண்ணாடி கிடையாது என்று சொல்லி டிரைவரின் கண்ணாடியையும் வாங்கிக்கொண்டார்கள். பின்னறைக் கட்டிலில் அவர் உட்கார்ந்திருப்பார். வழிகாட்டி ஒருத்தன் கூட்டத்தைக் கூட்டிவந்து வாசலுக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, ஒடுக்கத்தைப் பற்றியும் பணிவைப் பற்றியும் சொல்வான். சுவரைத் தொடாதீர்கள், கைப்பிசுக்கு செங்கலுக்கு ஆகாது என்பான். "உள்ளே இருப்பவர் அசல்" என்று முடிப்பான். மக்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

முதலில் டிரைவர் வாராவாரம் மனு போட்டார். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. பிறகு எப்போதாவது போட்டார். கண்ணாடி இல்லாமல் எழுதுவது சிரமமாக இருந்தது. கோபம் எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியாது. காலில் ரத்த ஓட்டம் நிற்பது உட்கார்ந்திருக்கிறவனுக்கா தெரிகிறது? எழுந்தால்தானே தெரியும். வழிகாட்டி சொல்வதெல்லாம் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. அவன் ஒரு வரியை விட்டுவிட்டால் உள்ளிருந்து எடுத்துக்கொடுப்பார். சாம்பல் நிறக் கல் ஒன்று ஈரம் கோத்தபோது, ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை.

ஒருநாள் கூட்டத்தோடு கூட்டமாகச் சீட்டு வாங்கிக்கொண்டு அவள் வந்தாள். தம்பி தள்ளிக்கொண்டு வந்தான். கூடத்தைத் தாண்டி, பின்னறை வாசலில் டக்கென்று இடித்து நாற்காலி நின்றது. டிரைவருக்கு உருவம் மட்டும் தெரிந்தது. குரல் கேட்டதும்தான் யாரென்று புரிந்தது.

"என்னங்க, இப்படி இளைச்சுப் போயிட்டீங்க?"

"வா வா" என்றார். "நல்லா இருக்கியா?"

"நான் நல்லாத்தான் இருக்கேன். தம்பி வீட்டு வாசல்லயே உக்காந்திருக்கேன். அங்கயும் நாலு பேர் பழக்கமாயிட்டாங்க. மனு என்னாச்சு?"

"போட்டிருக்கேன். போன மாசம்... இல்ல, போடணும்."

வழிகாட்டி தொண்டையைச் செருமினான். பின்னால் நின்ற கூட்டம் இது நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டு அமைதியாகப் பார்த்தது.

"மனுவும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்றாள் அவள். "வீடு போனாப் போகட்டும். எந்திரிச்சு வாங்க. உங்களுக்கு வாசல் பத்தும்ல? நாலு எட்டு வச்சா இங்க வந்துடலாம். வாங்க, வீட்டுக்குப் போலாம்."

அவர் எழுந்து வருவார் என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். வரவில்லை என்றதும், இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாம் என்று வாசலின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி நாற்காலியை முன்னால் இழுத்தாள்.

வழிகாட்டி வாயைத் திறந்தான். அவனுக்கு முன்னால் டிரைவர் பேசிவிட்டார்.

"செங்கல்ல கை வைக்காத."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"போலாம்டா" என்று தம்பியிடம் சொன்னாள். அவன் நாற்காலியைத் திருப்பினான். சக்கரச் சத்தம் கூடத்தைத் தாண்டி, தெருவாசலைத் தாண்டிப் போயிற்று.

டிரைவர் எழுந்தார். நாலு எட்டில் வாசலுக்கு வந்தார். செங்கல் துடைக்கவென்று மூலையில் வைத்திருந்த பிரஷ்ஷை எடுத்து, அவள் கை பட்ட இடத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகத் துடைத்தார். கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆகலை" என்று வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு, கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டார்.